திரைக்கதையைத் தானாகக் கற்றுக்கொண்டது: எனக்கு நான்கு மாதம் போன இடம்

முதல் நான்கு மாதம் நான் விழுந்து விழுந்து படித்தது திரைக்கதையே இல்லை. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ‘முழு ஸ்கிரிப்ட்’ என்று இணையத்தில் கிடைத்ததையெல்லாம் இறக்கிப் படித்தேன். அதில் பாதிக்கு மேல், வெளிவந்த படத்தின் சப்டைட்டிலிலிருந்து யாரோ வசனத்தை மட்டும் எடுத்துத் தட்டி வைத்தவை. அதிலேயே ஊறியதால் நான் எழுதிய முதல் முப்பது சீனும் வெறும் பேச்சு. கதவைத் திறக்கக்கூட என் பாத்திரங்களுக்குக் கை இல்லை.

அதனால் இறக்கியதும் முதல் பக்கத்தைப் பாருங்கள். உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா என்று சொல்லும் சீன் தலைப்பு இல்லையென்றால் மூடிவிடுங்கள். தலைப்பு இருந்து, இரண்டு ஓரத்திலும் சீன் எண், திருத்திய வரிகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி என்று இருந்தால் அது ஷூட்டிங் ஸ்கிரிப்ட். தாராளமாகப் படிக்கலாம், ஆனால் அதிலுள்ள கேமரா குறிப்புகளைக் காப்பியடிக்காதீர்கள். பெரும்பாலும் அவை படப்பிடிப்புக்காகப் பின்னால் சேர்ந்தவை. சீன் எண் போடுவதற்கு முந்தைய டிராஃப்ட் கிடைத்தால் விடவே விடாதீர்கள்.

இன்னொன்று, இன்னும் பார்க்காத படத்தின் ஸ்கிரிப்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பார்த்த படமென்றால் கண் தாளில் இருக்கும், மனசு நடிகரின் முகத்தில் நிற்கும். பாதியில் நிறுத்தி, அடுத்த சீனை நீங்களே எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள். நான் மூன்று பக்கம் இழுத்ததை அங்கே அரைப் பக்கத்தில் முடித்திருந்தார்கள். வாசலில் வரவேற்று, உட்காரவைத்து, நலம் விசாரித்து நான் தொடங்கியிருந்தேன். அவர்கள் சண்டை மூண்ட இடத்திலேயே சீனைத் திறந்திருந்தார்கள்.

படம் பார்ப்பதில் என் தப்பு வேறு மாதிரி. நோட்டில் ‘என்ன நடந்தது’ என்று எழுதிக்கொண்டே போனேன். பன்னிரண்டு படத்துக்குப் பிறகு கையில் மிஞ்சியது பன்னிரண்டு கதைச்சுருக்கம்தான். நோட்டில் நான்கு கட்டம் போட்டு எழுதத் தொடங்கிய பிறகே பலன் தெரிந்தது: சீன் தொடங்கும் நிமிடம், யாருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது யார், சீன் முடியும்போது என்ன மாறியது. இரண்டு மணி நேரப் படத்தில் நாற்பதிலிருந்து அறுபது சீன் வரை தேறும். நிறுத்தி நிறுத்தி எழுத ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், கடைசிக் கால்வாசியில் கை சோர்ந்து கட்டங்கள் காலியாகிவிடும். பிடித்த நாலைந்து சீன்களைச் சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். பேச்சில்லாமலே எவ்வளவு புரிகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

திட்டமிடுவது எனக்குப் பெரிய தலைவலியாக இல்லை. ஒன்லைன், அதாவது கதையை ஓரிரு வரியில் சொல்வது, பிறகு ஒரு அட்டைக்கு ஒரு சீனாக சீன் ஆர்டர், அவ்வளவுதான். அட்டைகளை வரிசையாகப் படிக்கும்போது இரண்டுக்கும் நடுவில் ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ போட்டுப் பாருங்கள். ‘அப்புறம்’ மட்டும்தான் பொருந்துகிறதா, அங்கே கதை நகரவில்லை. முதல் தடவை எனக்குத் தொடர்ந்து ஒன்பது ‘அப்புறம்’ வந்தது.

எழுத உட்கார்ந்தபோது காலை வாரியது பக்கக் கணக்கு. ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் ஓடும் என்பது ‘கூரியர்’ (Courier) என்ற எழுத்துரு, 12 பாயின்ட் அளவு, பக்கத்துக்கு ஏறக்குறைய 55 வரி என்ற ஆங்கில அமைப்பை வைத்து வந்த கணக்கு. அங்கேயே அது ஒரு சராசரிதான். நம் சொற்கள் நீளம், எழுத்தும் அகலம், அதனால் பக்கம் சும்மா ஊதிவிடும். அதை நம்பி நல்ல சீன்களை வெட்டித் தொலைத்தேன். இப்போது வசனத்தை வாய்விட்டுப் படித்து, செயல்களை மனதில் ஓட்டி, கடிகாரத்தில் நேரம் பார்த்து அட்டையின் மூலையில் குறிக்கிறேன். மென்பொருள் வாங்குவதற்கு முன் ‘கொண்டுபோனாள்’ என்று தட்டி பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து தனியாக நின்றால் அது உங்களுக்கு ஆகாது.

கடைசியாக, திரையில் தெரியாத வரிகள். ‘முருகனுக்கு இறந்துபோன அப்பாவின் ஞாபகம் வந்தது’ என்று எழுதியிருந்தேன். இதை எப்படிப் படமெடுப்பது? இப்படி மாற்றினேன்: ‘முருகன் அலமாரியைத் திறக்கிறான். பழைய கைக்கடிகாரம். சாவி கொடுக்கிறான். ஓடவில்லை. கையில் கட்டிக்கொண்டு வெளியே போகிறான்.’ ஒரு வரி ஐந்து வரியானது, ஆனால் அடுத்த சீனில் அப்பாவைப் பற்றி அவன் பேசிய ஒரு பக்க வசனம் தேவையில்லாமல் போனது. ‘நினைத்தான்’, ‘உணர்ந்தான்’, ‘புரிந்துகொண்டான்’ மூன்றையும் கோப்பில் தேடி, வந்த ஒவ்வொரு இடத்தையும் இதே மாதிரி பார்த்தேன். 71 சீனாக இருந்த டிராஃப்ட் 54-க்கு வந்து நின்றது.