ஸ்டாஃப் ரூமில் ஏஐ

ஜூலை 7, திங்கள்

ஆங்கிலத் துறை மேடம் ஒரு அசைன்மென்ட்டோடு வந்தார். சரிபார்க்கும் கருவி '88 சதவீதம் ஏஐ' என்கிறதாம். "சைபர் போட்டிரட்டா சார்?"

எழுதியவள் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்த பிள்ளை. வேண்டாம் என்றேன். அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதை வைத்துத்தான் இந்தக் கருவிகள் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்கின்றன. தெரிந்த கொஞ்சம் சொற்களில் அடக்கி எழுதுகிறவர்களும் மாட்டிக்கொள்வார்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ என்றே வந்தது. துல்லியம் போதவில்லை என்று, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் தன் கருவியையே அந்த ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது.

மேடம் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். முதல் பக்கத்தை விளக்கிவிட்டாள்; இரண்டாவதில் திணறினாள். அந்தத் திணறல் எந்தக் கருவியிலும் தெரியாது.

ஜூலை 9, புதன்

ஆசிரியர்களுக்கான பயிற்சி. நல்ல மழை, பாதி நாற்காலி காலி. "கையால எழுதி வாங்கினா தீர்ந்துது, கேட்டியளா" என்றார் ஒரு மூத்த பேராசிரியர். போனைப் பார்த்து எழுதினால் கை வலிக்கும், அவ்வளவுதான்.

ஜூலை 11, வெள்ளி

வரலாற்று சாரோடு உட்கார்ந்து ஒரு கேள்வியை மாற்றினோம். பழையது: 'குளச்சல் போர், 1741: காரணங்கள், விளைவுகள்.' வந்த தாள்களில் முக்கால்வாசி ஒரே வார்ப்பு. புதியது: ஏஐ தரும் பதிலை அச்செடுத்து, தக்கலைக்குப் பக்கத்திலுள்ள உதயகிரிக் கோட்டைக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் எடுத்துப் போக வேண்டும். நேரில் சரிபார்த்த வரிக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு, விடுபட்டதற்கு ஓரக்குறிப்பு. மார்க் குறிப்புகளுக்குத்தான்.

ஜூலை 18, வெள்ளி

தாள்கள் வந்துவிட்டன. குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய்; உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழ் எழுத்தும் இருப்பதைப் பலர் ஓரத்தில் குறித்திருந்தார்கள். அரண்மனை தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது என்ற வரியை ஒரு பையன் சிவப்பில் அடித்து, 'கேரள அரசு' என்று எழுதியிருக்கிறான். டிக்கெட் கவுண்டரில் பார்த்தானாம்.

போக முடியாத இருவர் மற்றவர்களின் படங்களை வைத்து எழுதினார்கள். அதையும் ஏற்றுக்கொண்டோம், பஸ் காசு எல்லார் கையிலும் இருக்காது.

சிக்கல் நேரம்தான். 60 பேருக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் வாய்மொழிக் கேள்வி என்றால் ஐந்து மணி நேரம் போய்விடும். சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேரைக் கேட்கலாம் என்கிறார் மேடம். இன்டெர்னல் மார்க்கில் சேர்ப்பதென்றால் எழுத்தில் கொடுங்கள் என்றார் முதல்வர். திங்கட்கிழமை கொடுக்கிறோம்.