பில்லப்ஸ் போன சீசன்: ஒரு டெட்ராய்ட் ரசிகனின் நாட்குறிப்பு

2008 நவம்பர் 4, செவ்வாய்

ஊரே ஓட்டுப் போட வரிசையில் நிற்கிறது, எங்கள் அலுவலகத்தில் மட்டும் காலையிலிருந்து ஒபாமாவும் இல்லை, மெக்கெய்னும் இல்லை, எங்கள் கூடைப்பந்து அணி பிஸ்டன்ஸ் சான்ஸி பில்லப்ஸை அனுப்பிவிட்டார்களாமே என்பதுதான் பேச்சு. நேற்று ட்ரேட், அதாவது அணிகளுக்குள் ஆள் மாற்றம், முடிந்தது. பில்லப்ஸ், ஆன்டோனியோ மெக்டைஸ், சேக் சாம்ப் மூவரும் டென்வருக்கு, அங்கிருந்து ஆலன் ஐவர்சன் இங்கே. சீசன் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, பிஸ்டன்ஸ் இன்னும் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை, அதற்குள்!

அணியில் யார் யார் என்று முடிவு செய்யும் ஜோ டுமார்ஸின் கணக்குப் புரியாமல் இல்லை. தொடர்ந்து ஆறு வருஷம் கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை போன அணி, அதில் கடைசி மூன்று வருஷமும் அந்த இடத்திலேயே மயாமி, கிளீவ்லாண்ட், பாஸ்டன் என்று ஆளுக்கொரு முறை வந்து அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஐவர்சனின் ஒப்பந்தம் 2 கோடி டாலருக்கும் மேல், வரும் கோடையோடு முடிகிறது, அப்போது கையில் பணம் இருக்கும். இளம் ஆட்டக்காரர் ரோட்னி ஸ்டக்கியையும் வளர்க்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் 2004-இல் கோப்பை வாங்கித் தந்த, அந்த ஃபைனலின் எம்விபி, அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர், ஆன ஆளைப் போய் அனுப்புவார்களா?

டென்வரில் இருக்கும் என் கல்லூரித் தோழன் ராத்திரி போனில் புலம்பித் தள்ளிவிட்டான். "டேய், எங்க ஹீரோவைப் பிடுங்கிட்டு வயசான ஆளைத் தள்ளிவிட்டிருக்கீங்க." பாவம். கோடையில்தான் அவன் அணியின் நல்ல தடுப்பாட்டக்காரர் மார்கஸ் கேம்பியைச் சும்மா தூக்கிக் கொடுத்தார்கள், இப்போது இது. ஐவர்சனை விட பில்லப்ஸுக்கு ஒரு வயது குறைவுடா என்றேன். நம்பவில்லை.

நவம்பர் 8, சனி

நேற்று நியூஜெர்சியில் ஐவர்சனின் முதல் ஆட்டம். 24 பாயிண்ட் அடித்தார், பிஸ்டன்ஸ் இந்த சீசனில் முதல் முறையாகத் தோற்றது. ஸ்டக்கி ஏற்கெனவே 3 போட்டிருப்பதால் ஐவர்சனுக்கு 1-ஆம் எண் பனியன், அதாவது பில்லப்ஸின் எண். கிளப்பில் யாருக்கும் இது உறுத்தவில்லையா?

பில்லப்ஸ் அங்கே 7 போட்டுக்கொண்டார். டென்வர்க்காரர் இல்லையா, அந்த ஊர் ஃபுட்பால் நாயகன் ஜான் எல்வேயின் எண். முதல் ஆட்டத்தில் டல்லாஸை ஜெயித்தும்விட்டார்கள்.

நவம்பர் 15, சனி

லேக்கர்ஸுக்கு இந்த சீசனின் முதல் தோல்வி, கொடுத்தது நம்ம பசங்க, அதுவும் லாஸ் ஏஞ்சலிஸிலேயே. ஐவர்சன் அற்புதமாக ஆடினார். அலுவலகத்தில் திங்கட்கிழமை "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று ஒரு கூட்டம் காத்திருக்கும். இருக்கட்டும். ஒரு ஆட்டத்தை அவர் தனியாளாகத் தூக்கிக்கொண்டு போவார் என்பதில் யாருக்குச் சந்தேகம்? 2001-இல் ஃபிலடெல்பியாவை ஃபைனல் வரை அப்படித்தானே இழுத்துக்கொண்டு போனார். இங்கே மற்ற நால்வருக்கும் ஆடத் தெரியும், அதுதான் சிக்கலே.

நவம்பர் 29, சனி

நன்றி நாள் அன்று காலைப் பயிற்சிக்கு ஐவர்சன் வரவில்லை, அதனால் நேற்று கோச் மைக்கேல் கரி அவரை ஆரம்பத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார். கரிக்கு இது கோச்சாக முதல் வருஷம், இந்தத் தலைவலியெல்லாம் அவர் தலையில் விழுந்திருக்கிறது.

இந்த மாதம் எங்கள் ஊரின் மூன்று கார் கம்பெனித் தலைவர்களும் தனித்தனி விமானத்தில் வாஷிங்டனுக்குப் பறந்து போய்க் கடன் கேட்டார்கள். எங்கள் மாடியில் காலியான மேஜைகள் கூடிக்கொண்டே வருகின்றன. இந்த நிலைமையில் கூடைப்பந்து பற்றி எழுதுவானேன் என்றால், வேறு எதைப் பற்றியும் இப்போது எழுதப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

2009 பிப்ரவரி 26, வியாழன்

எட்டு ஆட்டம் வரிசையாகத் தோல்வி. எட்டு! பேலஸ் அரங்கத்தில் காலி இருக்கைகள் டிவியிலேயே தெரிகின்றன, வருஷக்கணக்காக நிரம்பி வழிந்த இடம்.

ரிப் ஹாமில்டனைப் பார்த்தால் என்ன நடந்தது என்று புரியும். கண்ணாடி போன்ற அந்த முகமூடியை மாட்டிக்கொண்டு ஆட்டம் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பார். கோர்ட்டின் இடது மூலையில் தொடங்கி, காவலுக்கு வருபவனை மறிக்க ரஷீத் வாலஸ் தடுப்பாக நிற்கும் ஸ்கிரீனை ஒட்டி உரசிக்கொண்டு வளைந்து வெளியே வந்து, இடுப்புத் திரும்பும் அந்தக் கணத்தில் பந்து கைக்கு வந்திருக்கும். பில்லப்ஸ் அவர் வெளியே வந்த பிறகு பார்த்துப் போடுவதில்லை, வரப்போகும் இடத்துக்கு முன்னாடியே போட்டுவிடுவார். அரை வினாடி தாமதித்தால் காவலுக்கு நிற்பவன் வந்துவிடுவான், அந்த ஷாட் அப்புறம் ஷாட்டே இல்லை.

இப்போது ஐவர்சன் பந்தைத் தட்டிக்கொண்டு, தன் ஆளை அசைத்துப் பார்த்து, உள்ளே நுழைய வழி தேடிக்கொண்டிருக்கும்போது ஹாமில்டன் ஸ்கிரீனைச் சுற்றி வெளியே வந்து கையை நீட்டுகிறார், பந்து வரவில்லை, திரும்பவும் உள்ளே ஓடுகிறார். அப்புறம் அவரையே பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள், ஐவர்சனும் ஸ்டக்கியும் சேர்ந்து தொடங்க வேண்டுமாம். ஐவர்சன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பந்து கையில் இருந்தால்தான் அவர் ஐவர்சன். அவரை வாங்கி வந்தவர்களுக்கு இது தெரியாதா என்ன?

நேற்று நியூ ஆர்லியன்ஸில் அவருக்கு முதுகுவலி வேறு.

மார்ச் 4, புதன்

நேற்று பேலஸுக்கே போய்விட்டேன். வேலை போன சக ஊழியர் ஒருவர் தன் சீசன் டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தந்தார், அதை வாங்கும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பில்லப்ஸ் டென்வர் நீலத்தில் வெளியே வந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. வருஷக்கணக்காக அறிவிப்பாளர் மேசன் "பி-பி-பி-பில்லப்ஸ்!" என்று இழுத்துக் கத்துவதைக் கேட்டுப் பழகிய கூட்டம். என் பக்கத்தில் இருந்த பாட்டியம்மா 1-ஆம் எண் பனியனில்தான் வந்திருந்தார். பழையதா புதியதா என்று நான் கேட்கவில்லை, முதுகைக் காட்டி அவரே பெயரைத் தொட்டுக் காட்டினார்.

ஆனால் ஜெயித்தது டெட்ராய்ட், 100-95. முதுகுவலியால் ஐவர்சன் இல்லை, ஹாமில்டன் மறுபடி ஆரம்ப ஐந்து பேரில். இதற்கு முன் ஆர்லாண்டோவையும் பாஸ்டனையும் அவர்கள் ஊரிலேயே போய் அடித்துவிட்டு வந்த கையோடு இது. எட்டுத் தோல்விக்குப் பிறகு மூன்று வெற்றி, நட்சத்திரம் இல்லாமல். மெக்டைஸும் நம்ம பக்கம்தான் ஆடினார், டென்வர் அவர் ஒப்பந்தத்தை முடித்துவிட்ட பிறகு ஒரு மாதத்தில் இங்கேயே திரும்பி வந்துவிட்டவர் அவர்.

ஏப்ரல் 4, சனி

ஐவர்சன் இனி இந்த சீசனில் ஆட மாட்டார் என்று நேற்று அறிவிப்பு. காரணம் முதுகு என்கிறார்கள். திரும்பி வந்து பெஞ்சிலிருந்து சில ஆட்டம் ஆடினார், இன்னொரு முறை இப்படி ஆடுவதை விட ரிட்டயர் ஆகிவிடுவேன் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 33 வயதில் அவரை இப்படிப் பார்க்க வேண்டியிருந்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 28, செவ்வாய்

இரண்டு இரவுகள்.

ஞாயிறு: பிளே-ஆஃப், அதாவது சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், முதல் சுற்றிலேயே கிளீவ்லாண்டிடம் 4-0 என்று தோல்வி. பேலஸிலேயே லெப்ரானுக்கு "எம்விபி" கோஷம், கிளீவ்லாண்ட்காரர்கள் அவ்வளவு பேர் டிக்கெட் வாங்கி வந்திருந்தார்கள். போன வருஷம் 59 வெற்றி, இந்த வருஷம் 39.

திங்கள்: நியூ ஆர்லியன்ஸில் டென்வர் 121, எதிரணி 63. 58 பாயிண்ட் வித்தியாசம், பிளே-ஆஃப் வரலாற்றிலேயே 1956-இல் ஒரே ஒரு முறைதான் இப்படி நடந்திருக்கிறது. அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் பில்லப்ஸ் 36 பாயிண்ட், எட்டு மூன்று-பாயிண்டர்.

தோழன் போனில் கத்துகிறான். ஐந்து வருஷமாக முதல் சுற்றோடு மூட்டை கட்டிய அணி அவனுடையது. என்னடா மாறிச்சு என்று கேட்டேன். கார்மெலோ ஆன்டனி இப்போது தடுப்பாட்டமும் ஆடுகிறாராம், ஜே.ஆர். ஸ்மித் கண்டபடி எறிந்தால் பில்லப்ஸ் பக்கத்தில் போய்ப் பேசுகிறாராம், கத்துவதில்லையாம், கத்துகிற வேலை கோச் ஜார்ஜ் கார்லுடையது. கென்யன் மார்ட்டின் முகம் சுளித்தால் அடுத்த தடவை பந்து அவருக்கே போகிறது.

எண்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். டென்வரில் பில்லப்ஸ் ஆட்டத்துக்கு 17.9 பாயிண்ட், டெட்ராய்ட்டில் ஐவர்சன் 17.4. அரை பாயிண்ட்! ஸ்கோர் பலகையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

மே 22, வெள்ளி

நேற்று மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் லேக்கர்ஸுக்கு எதிராக டென்வரின் இரண்டாவது ஆட்டம். பில்லப்ஸ் பந்தை வெளியிலிருந்து உள்ளே போட வேண்டும், எதிரே கோபி ப்ரையன்ட் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த முதுகிலேயே பந்தைத் தட்டி, தானே பிடித்து, தானே கூடையில் போட்டார்! நாங்கள் ஹாஸ்டல் கோர்ட்டில் செய்யும் குறும்பு. டென்வர் ஜெயித்தது, 1-1.

மே 30, சனி

முடிந்தது, 4-2. டென்வர் இரண்டு ஆட்டங்களைக் கோட்டை விட்டது கடைசி நிமிடங்களில், கோட்டுக்கு வெளியிலிருந்து போட்ட பாஸை ட்ரெவர் அரிசா பாய்ந்து பிடுங்கியதில். இரண்டு முறையும் போட்டவர் பில்லப்ஸ் இல்லை, ஒருமுறை ஆன்டனி கார்ட்டர், இன்னொரு முறை மார்ட்டின். தோழன் அழாத குறை. 1985-க்குப் பிறகு உங்க ஊர் இவ்வளவு தூரம் வந்ததே முதல் முறை, போய்த் தூங்குடா என்றேன்.

ஜூலை 9, வியாழன்

கரியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஐவர்சன் ஒப்பந்தம் முடிந்ததில் கிடைத்த பணம் பென் கார்டனுக்கும் சார்லி வில்லனுவேவாவுக்கும் போயிருக்கிறது. ஒருவர் ஷூட்டிங் கார்டு, இன்னொருவர் ஃபார்வர்டு. இருவருமே ஷாட் அடிப்பவர்கள். ஹாமில்டனும் இருக்கிறார், அவரும் ஷாட் அடிப்பவர்தான். பந்தை யார் கொடுப்பார் என்று அலுவலகத்தில் கேட்டேன், ஸ்டக்கி இருக்கானே என்றார்கள். சரி.