அந்த 54.2 வோல்ட் பேட்டரியுடையது இல்லை

நான் பார்த்துக்கொள்ளும் 48 வோல்ட் டிசி சிஸ்டம் (கரண்ட் போனால் பேட்டரி தாங்கிக்கொள்ளும் மின்சப்ளை) ஒன்றில் போன மாதம் மெயின்ஸ், அதாவது வெளியிலிருந்து வரும் கரண்ட், போனது. 2 வோல்ட் விஆர்எல்ஏ (மூடி அடைத்த ஈய-அமில) செல் 24, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ஒரே ஸ்ட்ரிங், 200 ஆம்பியர்-அவர், லோடு 40 ஆம்பியர் சுமார். கணக்குப்படி நாலு மணி நேரம் ஓட வேண்டியது. 11 நிமிஷத்தில் 43.2 வோல்ட்டுக்கு இறங்கி, லோ வோல்டேஜ் டிஸ்கனெக்ட் (வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் பேட்டரியைப் பிரிக்கும் சுவிட்ச்) கழற்றிவிட்டுவிட்டது. முந்தின நாள் லாக் புத்தகத்தில் "54.2 வோல்ட், அலாரம் இல்லை" என்று எழுதியிருந்தது வேறு யாரும் இல்லை, நான்தான்.

மெயின்ஸ் இருக்கும்வரை டிஸ்ப்ளேயில் தெரிகிற அந்த எண் ரெக்டிஃபயர் (மெயின்ஸின் ஏசியை டிசியாக மாற்றும் கருவி) கொடுக்கும் வோல்டேஜ். பேட்டரி அதன்மேல் சும்மா சாய்ந்துகொண்டு நிற்கிறது. செல்லுக்கு 2.25, 2.26 என்று ஃப்ளோட் (பேட்டரியை நிறைந்தபடியே வைத்திருக்கும் வோல்டேஜ்) கொடுத்துக்கொண்டே இருந்தால், உள்ளே காய்ந்துபோன செல்கூட கூட்டத்தோடு கூட்டமாக அதே எண்ணைக் காட்டும். இது தெரியாத விஷயம் இல்லை, தெரிந்தும் மூன்று வருஷமாக அந்த ஒரே எண்ணைத்தான் எழுதிவந்திருக்கிறேன்.

மறுநாள் முழுசாக சார்ஜ் ஏறியதும் செல் செல்லாக அளந்தேன். 17வது செல் 2.24, பக்கத்து செல்கள் 2.26. இதை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. அப்புறம் ரெக்டிஃபயரை அணைக்காமல் அதன் வோல்டேஜை மட்டும் 46-க்கு இறக்கினேன் (அணைத்துவிட்டுச் சோதனை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், பேட்டரி விழுந்தால் லோடும் சேர்ந்து விழும், இப்படி வைத்தால் 46-ல் ரெக்டிஃபயர் தாங்கிப் பிடித்துக்கொள்ளும்). லோடு பேட்டரிக்கு மாறியது. மல்ட்டிமீட்டரோடு ஒன்றிலிருந்து வரிசையாகப் போனால் 2.01, 2.00, 1.99 என்று ஒழுங்காக வருகிறது. 17-ல் வைத்தால் 1.4. கண் முன்னாலேயே 1.1, 0.7, 0.2 என்று சரிந்தது. அதோடு 46-ஐத் தொட்டு ரெக்டிஃபயர் உள்ளே வந்ததால் அங்கேயே நின்றது. மெயின்ஸ் போன ராத்திரி இப்படித் தடுக்க ஆள் இல்லாததால் அந்த செல் மைனஸுக்கே போயிருக்கும், அதாவது மற்ற 23 செல்கள் கொடுப்பதை இது தின்றிருக்கும்.

சரி, இதை முன்கூட்டியே பிடித்திருக்க முடியுமா? முடியும். ஸ்ட்ரிங்கின் நடுவிலிருந்து ஒரு ஒயர் எடுத்து, மேல் 12 செல், கீழ் 12 செல் என்று இரண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். ஃப்ளோட்டில் இரண்டும் 27.1 என்று சமத்தாக நிற்கும், ஆனால் லோடில் என் ஸ்ட்ரிங் 23.9-க்கு 22.1 என்று பிளந்துகொண்டது. பல கண்ட்ரோலர்களில் இதற்கு இன்புட் இருக்கிறது, என்னுடையதிலும் இருந்தது, ஒயர்தான் யாரும் இழுக்கவில்லை. ஒயர் இருந்து, மாதம் ஒருமுறை பத்து நிமிஷம் லோடை பேட்டரிக்கு மாற்றியிருந்தால் அப்போதே மாட்டியிருக்கும்.

உள்மின்தடை மீட்டர் இன்னொரு வழி. 17வது செல் பக்கத்து செல்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. அந்த மீட்டர் கொள்ளளவைச் சொல்லாது, மாற்றத்தைத்தான் சொல்லும், அதனால் பேட்டரி புதிதாக இருக்கும்போதே எடுத்த அளவு கையில் இல்லாவிட்டால் பாதி பயன் போய்விடும். ஒரே மீட்டர், ஒரே இடம், புரோபை போல்ட்டின் மேல் வைக்காமல் டெர்மினலின் ஈயத்தில் வைக்க வேண்டும். ஐட்ரிபிள்ஈ 1188 (இந்த வகை பேட்டரிகளின் பராமரிப்புக்கான தரநிலை) இதைக் குறிப்பிட்ட இடைவெளியில் தவறாமல் எடுக்கச் சொல்கிறது. கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்தால் மாற்றச் சொல்வதும் அதுதான், அதை அறிய முழு டிஸ்சார்ஜ் சோதனையைத் தவிர வேறு வழி இல்லை.

ஃப்ளோட் கரண்டையும் பாருங்கள். மெல்ல ஏறிக்கொண்டே போனால் செல் சூடாகிறது என்று அர்த்தம். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் சந்தோஷப்படாதீர்கள், ஸ்ட்ரிங் எங்கோ அறுந்திருக்கலாம்.

ஐந்து வருஷத்தில் ஏன் போனது என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் வெப்பம். லேபிளில் 10 வருஷம் என்று போட்டிருந்தது, ஆனால் 25 டிகிரியில். அந்த அறை பெரும்பாலும் 35. எட்டிலிருந்து பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வது அப்படியே நடந்திருக்கிறது. டெம்பரேச்சர் சென்சார் எங்கே என்று தேடினால், பேட்டரியில் ஒட்ட வேண்டியது ஏசி காற்று படுகிற ரெக்டிஃபயர் கேபினட்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. நோயாளிக்கு வைக்காமல் டாக்டரின் கையிடுக்கில் தெர்மாமீட்டர் வைத்த கதை. சென்சார் சொல்லும் சூட்டைப் பார்த்து ரெக்டிஃபயர் ஃப்ளோட்டை செல்லுக்கு டிகிரிக்கு 3 மில்லிவோல்ட் குறைத்திருக்க வேண்டும், 24 செல்லுக்குப் பத்து டிகிரி என்றால் 0.7 வோல்ட். அத்தனையும் கூடுதலாகக் கொடுத்து, ஐந்து வருஷம் நாமேதான் காயவைத்திருக்கிறோம்.

ஒரு செல்லை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டார்கள். ஒரே சூட்டில் வெந்த மற்ற 23-க்கு நடுவே ஒரு புது செல்லை வைக்க எனக்கு மனசு வரவில்லை, முழு ஸ்ட்ரிங்கையும் மாற்றிவிட்டோம். சென்சார் இப்போது 12வது செல்லின் உடம்பில் ஒட்டியிருக்கிறது, நடு ஒயரும் இழுத்தாயிற்று.

கழற்றிய 17வது செல் என் மேஜைக்குக் கீழே இருக்கிறது. லோடு இல்லாமல் மல்ட்டிமீட்டர் வைத்தால் இன்னமும் 2.12 காட்டுகிறது.