நீலக் கோப்பு கைமாறிய கதை

"சொராரிட்டியில் பொருளாளர் ஆயிட்டேம்மா" என்று போனில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அதென்னடி, ஹாஸ்டலா? மெஸ் கணக்கா?" திருச்சியில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது கொஞ்சம் சிரமம்தான். பெண்களே நடத்தும் கல்லூரிச் சங்கம், கிரேக்க எழுத்துகளில் பெயர், படிப்பு முடிந்தாலும் உறவு முடியாது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கமலா ஹாரிஸ் கைகொடுத்தார். ஹவார்டு பல்கலைக்கழகத்தில் 1908-இல் தொடங்கிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் அவர் உறுப்பினர். "துளசேந்திரபுரத்துப் பேத்தியே சேர்ந்திருக்குன்னா சரிதான்" என்று அம்மா சமாதானமாகிவிட்டாள்.

எங்களுடையது அத்தனை பழையதும் இல்லை, பெரியதும் இல்லை. தெற்காசியப் பெண்களுக்கென்று டெக்சஸில் சொராரிட்டிகள் தோன்றியதே 1998-இல்தான். ஆஸ்டினில் காப்பா ஃபை காமா, அடுத்த மாதமே ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா. நான் இருந்த சாப்டர், அதாவது சங்கத்தின் கல்லூரிக் கிளை, டாலஸ் பக்கம், பெயர் வேண்டாம். மொத்தம் பதினான்கு பேர். சினிமாவில் காட்டுகிற தூண் வைத்த மாளிகையெல்லாம் கிடையாது. நூலகத்தில் ஓர் அறையை இரண்டு மணி நேரத்துக்குப் பதிவு செய்து கூட்டம் நடத்துவோம்.

எனக்கு முன்னால் பொருளாளராக இருந்தவள் நல்ல பெண். டிசம்பரில் பட்டம் வாங்கிய கையோடு வேலைக்கு சியாட்டில் போய்விட்டாள். எனக்குக் கிடைத்த பொறுப்பு ஒப்படைப்பு இவ்வளவுதான்: ஒரு கூகுள் டிரைவ் இணைப்பு, ஒரு நீலக் கோப்பு, கட்டிப்பிடித்து ஒரு "ஆல் த பெஸ்ட்". டிரைவில் பாதிக் கோப்புகள் திறக்கவே இல்லை. நீலக் கோப்பில் பீட்சா ரசீதுகள்.

ஏப்ரலில் தேசியத் தலைமையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டு வருடமாக எங்கள் சாப்டர் 990-என் தாக்கல் செய்யவில்லை. ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் லாபநோக்கமற்ற அமைப்புகள் அமெரிக்க வருமான வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு வருடம் ஒருமுறை அனுப்பும் சிறிய படிவம் அது. எங்களுக்குக் கெடு மே 15. தொடர்ந்து மூன்று வருடம் விட்டுவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். எங்களுக்கு அது மூன்றாவது வருடம். அன்றிரவு எனக்குத் தூக்கம் போச்சு. உண்மையில் அந்தப் படிவத்தில் கேட்பது எட்டே எட்டு விவரம். எனக்கு எஸ்எஸ்என் என்கிற அமெரிக்க சமூகப் பாதுகாப்பு எண் இல்லாததால் தலைவி தன் பெயரில் உள்நுழைந்து முடித்தாள். அவள் கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

வங்கிதான் படுத்தி எடுத்தது. கையெழுத்து அதிகாரத்தை என் பெயருக்கு மாற்றப் போனால், சாப்டரின் வரி எண்ணுக்கான ஐஆர்எஸ் கடிதம் வேண்டும், ஏற்கெனவே கையெழுத்து அதிகாரம் உள்ள ஒருவர் நேரில் வரவேண்டும் என்றார்கள். கடிதத்தைக் காணோம். கையெழுத்து அட்டையில் இருந்தது இரண்டு பெயர். ஒருத்தி சியாட்டிலில். இன்னொருவர், பத்து வருடம் முன்பு படித்துப்போன ஒரு மலையாளி அக்கா. ஐஆர்எஸ் பதிவிலும் இன்னும் அவர்தான் பொறுப்பாளர்! பொறுப்பாளர் மாறினால் 60 நாளுக்குள் 8822-பி படிவம் அனுப்ப வேண்டும் என்பது அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை.

முன்பின் தெரியாதவருக்கு எப்படி எழுதுவது என்று மூன்று முறை எழுதி அழித்தேன். பதில் பத்து நிமிடத்தில் வந்தது: வெள்ளிக்கிழமை வருகிறேன், அறை ஒன்று பதிவு செய்து வை. ஹூஸ்டனிலிருந்து நான்கு மணி நேரம் காரோட்டி வந்தார். பார்மசிஸ்ட். நான் "சேச்சி" என்று கூப்பிட்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

ஐஆர்எஸ்ஸுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதே பாட்டு. அந்த நேரத்தில் நீலக் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவர், பீட்சா ரசீதுகளுக்கு அடியிலிருந்து மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றை உரித்தெடுத்தார். அவருடைய கையெழுத்தேதான்: "நவம்பர் ஹால் அட்வான்ஸ் தானாகத் திரும்பி வராது. கேள்." நாங்கள் கேட்டிருக்கவே இல்லை. 200 டாலர். அதற்குள் யாரோ போனை எடுத்தார்கள்; தொலைந்த கடிதத்துக்குப் பதிலான 147சி கடிதத்தைச் சேச்சியின் அலுவலக ஃபேக்ஸுக்கே அனுப்பினார்கள். மாலை நான்கரைக்கு வங்கியில் என் பாஸ்போர்ட்டைப் பிரதி எடுத்தார்கள்.

பெட்ரோல் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அவர் சொல்லிவிட்டுப் போனது ஒன்றுதான். அடுத்தவளுக்கு நீ விளக்காதே, அவளையே செய்யவிட்டு உன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள். அவள் தடுக்குகிற இடத்தை மட்டும் எழுது.

டிசம்பரில் அப்படியே செய்தேன். ஹைதராபாத்காரி, இரண்டாம் வருடம். லேப்டாப்புக்கு முன்னால் அவளை உட்காரவைத்துவிட்டு வாயையும் கையையும் கட்டிக்கொண்டு உட்கார்வது இருக்கிறதே, அப்பப்பா. சந்தா பாக்கியை எங்கே பார்ப்பது என்று அவள் ஏழு நிமிடம் தேடினாள். நான் தெளிவாக வைத்திருப்பதாக நினைத்த தாள் அது! பதினொரு இடத்தில் தடுக்கினாள், பதினொன்றையும் எழுதினேன். மூன்று சனிக்கிழமை போயிற்று.

விடைபெறும் சீனியர்கள் ஜூனியர்களுக்கு எதையாவது உயில் எழுதிவைக்கும் இரவு ஒன்று உண்டு. ஜாக்கெட், விளக்கு, பொம்மை என்று கொடுத்து அழுது தீர்ப்பார்கள். எனக்கு மேடையில் அழ வராது. சேச்சியை வீடியோ அழைப்பில் வரச்செய்து, எல்லோர் முன்னாலும் அந்த மஞ்சள் ஒட்டுத்தாளை வாசித்துக் காட்டினேன். கூடவே, திரும்பி வந்துவிட்ட 200 டாலரின் ரசீதையும். சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒட்டுத்தாளைக் கோப்பிலேயே மறுபடி ஒட்டி, கோப்பை ஹைதராபாத்காரியின் கையில் கொடுத்தேன். என் பெயரிலிருந்த சாப்டர் டெபிட் கார்டை அவளே கத்தரியால் வெட்டினாள்.

ஜனவரி, திருச்சி வீடு. அதிகாலை இரண்டரை. போன் கிர்ரென்றது. டெக்சஸில் பிற்பகல் மூன்று. அவள் வங்கித் தளத்தில் நுழைகிறாள், ஆறு இலக்க எண் இன்னும் எனக்குத்தான் வருகிறது. எண்ணை அனுப்பிவிட்டு, அப்படியே பன்னிரண்டாவதாக ஒரு வரியையும் அனுப்பினேன்: "ரகசிய எண் போகும் போன் நம்பரை மாற்று. இன்றைக்கே." அம்மா பக்கத்து அறையிலிருந்து, "இந்நேரத்துல யாருடி?" என்றாள்.

"மெஸ் கணக்கும்மா."