கஜாவுக்குப் பிறகு தென்னை

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. முன்கூட்டியே மக்களை முகாம்களுக்கு அழைத்துச் சென்றதால் பல உயிர்கள் தப்பின. அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் விடிந்தபோது தோப்புகள் தரையில் கிடந்தன. வேரோடு சாய்ந்தவை, நடுத்தண்டு முறிந்தவை, குருத்து திருகிப்போய் நின்றவை. சாலையை அடைத்த மரங்களை அறுத்து வழிவிட்டவர்கள் ஊர் இளைஞர்கள்தான். மின்கம்பம் நடக் கேரளத்திலிருந்தும் ஊழியர்கள் வந்தார்கள், நன்றி.

புதிதாக நடும் நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை தோப்பை இழந்த குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும்? புயல் எச்சரிக்கையில் காட்டும் அக்கறையை அரசு இதிலும் காட்ட வேண்டும். ஊடுபயிராக உளுந்தும் வாழையும் போட விதையும் கன்றும் உடனே கைக்கு வரவேண்டும். கடன் தவணை தென்னை காய்க்கும்வரை தள்ளிப்போக வேண்டும்.