அந்த 2000 எதற்காக இருந்தது?

பதினொரு போர்டுகளின் கோப்புறைகளில் பதினொரு நகல்களாகக் கிடந்த டிரேம் துவக்க நிரலை, அதாவது முதன்மை நினைவகத்தை எழுப்பும் நிரலை, ஒரே பொதுக் கோப்பாக ஆக்கியது சரியான வேலை என்றே இன்றும் நினைக்கிறேன். என் சந்தேகமெல்லாம் அந்தப் பேட்ச் (திருத்தத் தொகுப்பு) தொடரின் மீளாய்வில் வந்த ஒரே ஒரு ஆட்சேபத்தையும், அதற்கு நான் கொடுத்த பதிலையும் பற்றியது. அந்தப் பதிலில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அன்று கையிலிருந்த தகவல்களை வைத்து வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று கேட்டால், இப்போதும் எனக்கு விடை கிடைப்பதில்லை. ஆனாலும் அந்த விவாதம் முடிந்துவிட்டதாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த வகை நகல்கள் எப்படிப் பெருகுகின்றன என்பது, கணினியை முதலில் எழுப்பும் நிரல்களான துவக்க ஏற்றிகளில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். சிப் தயாரிப்பாளரின் மாதிரி போர்டுக்கு முதல் கோப்பு எழுதப்படும். அதே சிப்பைக் கொண்டு அடுத்த போர்டைச் செய்பவர் அந்தக் கோப்பை அப்படியே எடுத்து, நினைவகத்தின் நேர அளவுகளை மட்டும் மாற்றி, போர்டு எழுந்ததும் அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. டிரேம் எழாத வரையில் சிப்புக்குள் இருக்கும் சிறிய எஸ்ரேம் நினைவகத்தில்தான் எல்லாம் ஓட வேண்டும். ஏதேனும் தவறினால் பெரும்பாலும் பிழைச்செய்தி எதுவும் வராது, போர்டு வெறுமனே மௌனமாக நிற்கும். அந்த நிலையில் இருப்பவர், வேறொரு போர்டில் ஏற்கெனவே ஓடுகிற நிரலில் ஒரு வரியையும் தேவையின்றித் தொடாமல் இருப்பதே விவேகம் என்று நினைப்பார்.

ஆனால் நகல்களுக்கென்று ஒரு விலை உண்டு. இங்கே அது கண்ணுக்குத் தெரிந்த விலை. இந்தப் போர்டுகளில் உள்ள டிரேம் வகையான டி.டி.ஆர்.3இன் தரநிலை துவக்க வரிசையைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. மின்னழுத்தம் நிலைபெற்ற பின் ரீசெட் கோட்டைக் குறைந்தது 200 மைக்ரோவினாடி தாழ்நிலையில் வைத்திருக்க வேண்டும். அதை விடுவித்த பின், கிளாக்கை இயக்க அனுமதிக்கும் சி.கே.இ. கோட்டை உயர்த்துவதற்கு முன் 500 மைக்ரோவினாடி காத்திருக்க வேண்டும். அதன் பிறகு எம்.ஆர்.2, எம்.ஆர்.3, எம்.ஆர்.1, எம்.ஆர்.0 என்ற வரிசையில், நினைவகத்தின் இயக்க அமைப்புகளை வைத்திருக்கும் மோட் ரெஜிஸ்டர்களை எழுத வேண்டும், கடைசியாக, வெளியீட்டு மின்தடையைச் சரிசெய்யும் இசட்.க்யூ. அளவுத்திருத்தக் கட்டளையைக் கொடுத்து, அது முடியும்வரை குறைந்தது 512 கிளாக் சுழற்சிகள் பொறுத்திருக்க வேண்டும். இந்தக் கடைசிக் காத்திருப்பு மூல நகலில் விடுபட்டிருந்தது. யாரோ ஒருவர் தம் போர்டில் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார். வேறு சிலரும் தங்கள் நகல்களில் சேர்த்துக்கொண்டார்கள். ஆக நான்கு நகல்களில் திருத்தம் இருந்தது, மீதி ஏழில் இல்லை. அந்த ஏழு போர்டுகளும் பல ஆண்டுகளாக எழுந்துகொண்டுதான் இருந்தன என்று ஒருவர் வாதிடலாம், வாதிடவும் செய்தார்கள். தரநிலை கேட்கிற காத்திருப்பைக் கொடுக்காத நிரல் இன்றுவரை ஓடியது என்பது அது சரி என்பதற்குச் சான்றாகாது என்பதே என் நிலைப்பாடு. இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கே அது பிறகு எதிராக வந்தது.

வேலையை இரண்டு படிகளாகப் பிரித்தேன். முதல் படியில் எந்தக் கோப்பையும் நகர்த்தவில்லை. பதினொரு நகல்களையும் அவை இருக்கும் இடத்திலேயே, எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல ஆகும்வரை, ஒவ்வொரு சிறு வேறுபாட்டுக்கும் ஒரு கமிட் (வரலாற்றில் பதிவாகும் மாற்றம்) வீதம் மாற்றிக்கொண்டே போனேன். நேரமுத்திரையை நீக்கிக் கட்டமைத்தால், பொருளற்ற வேறுபாடுகளை அகற்றும் கமிட்டுகள் முன்பிருந்த அதே பைனரியைத்தான் (கம்பைல் ஆகி வரும் கோப்பைத்தான்) தர வேண்டும். கோர்பூட் என்ற துவக்க நிரல் திட்டத்தில் இதற்கென்றே ஒரு கட்டமைப்பு வசதி இருக்கிறது, அங்கே மறுசீரமைப்புப் பேட்சுகளில் பைனரி மாறவில்லை என்று குறிப்பிடுவது வழக்கம். இரண்டாம் படியில்தான் பொதுக் கோப்புக்கு நகர்த்துவது. அங்கே இந்தச் சோதனை உதவாது. ஒரே கோப்புக்குள் இருந்தபோது கம்பைலர் விரித்து உள்ளே வைத்துவிட்ட ஃபங்ஷன், வெளியே போனதும் அழைக்கப்படும் ஃபங்ஷனாகிறது; முகவரிகள் எல்லாம் நகர்கின்றன; ஒப்பிட எதுவும் மிஞ்சுவதில்லை. உறுதி எங்கே மிகவும் தேவையோ அந்த இடத்தில் அது கைவிட்டுவிடுகிறது.

முதல் படியில் வெளிப்பட்டவை சுவையானவை. ஒரு நகலில், ரெஜிஸ்டரில் எழுதியதும் அதையே திரும்பப் படித்து, படித்த மதிப்பை எதற்கும் பயன்படுத்தாத ஒரு வரி இருந்தது. வீண்வரி போலத் தோன்றும். ஆனால் பஸ்ஸில் எழுதுதல்கள் இடையகத்தில் தேங்கி நிற்கக்கூடியவை, அவை உண்மையாகவே சாதனத்தைச் சென்றடைந்தன என்பதை உறுதிசெய்ய இப்படிப் படிப்பது வழக்கம். அதைப் பொதுக் கோப்பில் எல்லோருக்குமாக வைத்தேன். இன்னொரு நகலில், ஒரு நிலையான மாறி வேண்டுமென்றே தரவுப் பகுதியில் வைக்கப்பட்டிருந்தது. மற்றவற்றில் அது சாதாரணமாக அறிவிக்கப்பட்டு, தொடக்க மதிப்பில்லாத மாறிகளுக்கான பி.எஸ்.எஸ். பகுதியில் விழுந்திருந்தது. நிரல் தன்னை டிரேமுக்கு நகர்த்திக்கொள்ளும் இடமாற்றத்துக்கு முன் அந்தப் பகுதியைப் பயன்படுத்தக் கூடாது; சில அமைப்புகளில் நிரலின் வாலில் ஒட்டப்பட்டிருக்கும், வன்பொருளை விவரிக்கும் சாதன மரத்தின் மீதே அது எழுதிவிடும். பத்துப் போர்டுகள் அதிர்ஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இவை இரண்டையும் யாரும் எதிர்க்கவில்லை, ஏனென்றால் இரண்டுக்கும் என்னால் காரணம் சொல்ல முடிந்தது.

பிறகு அந்த 2000. பத்து நகல்களில் ரீசெட்டுக்கும் சி.கே.இ.க்கும் இடையே 500 மைக்ரோவினாடி இருந்தது. ஒன்றில் மட்டும் 2000. விளக்கக் குறிப்பு இல்லை. கமிட் வரலாற்றில் தேடினால், போர்டைச் சேர்த்த முதல் கமிட்டிலேயே அந்த எண் இருந்தது. எனக்கு மூன்று வழிகள் இருந்தன: எல்லாப் போர்டுகளுக்கும் 2000 கொடுத்து ஒவ்வொன்றின் துவக்கத்திலும் ஒன்றரை மில்லிவினாடியை வீணாக்குவது, தரநிலையைக் காட்டி அந்த ஒன்றையும் 500க்கு இறக்குவது, அல்லது போர்டு வாரியாக நேர அளவுகளைத் தரும் அட்டவணையில் அதற்கும் ஓர் இடம் கொடுப்பது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். அட்டவணையில் இடம் கொடுத்தால் பெயரும் கொடுக்க வேண்டும். ரீசெட் விடுவிப்பிலிருந்து சி.கே.இ. வரையிலான காத்திருப்பு என்று பொருள்படும் பெயரை, தரநிலையின் பகுதி எண்ணோடு சேர்த்து எழுதினேன்.

அந்தப் போர்டை முதலில் சேர்த்தவர், நெடுங்காலமாக மடல்களில் தென்படாதவர், அப்போது ஒரு பதில் அனுப்பினார். சுருக்கமான பதில்தான். அந்த 2000 நினைவகத்துக்காக வைத்தது அல்ல என்று தாம் நினைப்பதாகவும், போர்டில் அந்தச் சமயத்தில் வேறேதோ, ஒருவேளை மின்வழங்கியின் இன்னொரு கோடு, நிலைபெறக் காத்திருந்திருக்கலாம் என்றும், ஆனால் உறுதியாக நினைவில்லை என்றும் சொன்னார். கடைசியில், "இந்த ஒரு நகலை மட்டும் அப்படியே விட்டுவிட முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

நான் எழுதிய பதில் இது: "மதிப்பு மாறவில்லை, வரிசையில் அதன் இடமும் மாறவில்லை. உங்கள் போர்டு முன்பு எவ்வளவு காத்திருந்ததோ அவ்வளவே இனியும் காத்திருக்கும். காரணம் நினைவுக்கு வந்தால் தெரிவியுங்கள், குறிப்பாகச் சேர்த்துவிடுகிறேன்." அவர் ஒரு வரியில், தமக்கு ஆட்சேபம் இல்லை என்று முடித்துக்கொண்டார். போர்டில் சோதித்துப் பார்த்ததாக அவர் சொல்லவில்லை. சோதிக்க முடியுமா என்று நானும் கேட்கவில்லை. பேட்ச் ஏற்கப்பட்டது.

அவர் கேட்டதற்கு நான் பதில் சொன்னேனா என்பதுதான் என்னை உறுத்துகிறது. மதிப்பு மாறிவிடும் என்று அவர் அஞ்சவில்லை. நான் வைத்த பெயரைத்தான் அவர் மறுத்தார் என்று இப்போது படிக்கும்போது தோன்றுகிறது. அவருடைய நகலில் அந்த 2000 விளக்கமற்ற எண்ணாக இருந்தவரை, அதைப் பார்க்கும் எவரும் இது ஏன் என்று ஒரு கணமாவது தயங்குவார். அட்டவணையில் ஏறியபோது அந்தத் தயக்கம் போய்விட்டது, அது டி.டி.ஆர்.3 காத்திருப்பின் ஒரு தாராளமான மதிப்பு என்று நிரலே சொல்லத் தொடங்கிவிட்டது. மதிப்பை மாற்றாமலேயே அதன் பொருளை மாற்றியிருக்கிறேன். செயல்பாட்டில் மாற்றம் இல்லை என்று கமிட்டில் எழுதியது உண்மை. அந்த உண்மை போதுமானதாக இருந்ததா என்பது வேறு கேள்வி.

இதற்கு மறுப்பும் என்னிடம் உண்டு. நினைவில்லாத காரணத்தைப் பாதுகாக்க ஒரு முழுக் கோப்பையும் தனியே வைத்திருப்பது என்றால், எந்த நகலையும் என்றைக்கும் ஒன்றாக்க முடியாது. எல்லாப் பழைய நிரலிலும் யாரோ ஒருவர் மறந்துபோன காரணம் ஒன்று இருக்கும். அவருடைய நகலைத் தனியே விட்டிருந்தால், இசட்.க்யூ. திருத்தம் அதற்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அடுத்த திருத்தமும் சேராது. பராமரிக்க ஆளில்லாத போர்டு என்று சில வெளியீடுகளுக்குப் பிறகு அது மொத்தமாகவே நீக்கப்பட்டிருக்கும். யூ-பூட் என்ற துவக்க ஏற்றியில் புதிய அமைப்பு முறைகளுக்கு மாற்றப்படாத போர்டுகள் கூட்டமாக நீக்கப்பட்டதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பொதுக் கோப்புக்குள் வந்ததால்தான் அந்தப் போர்டு இன்னும் மூல நிரல் மரத்தில் இருக்கிறது. இந்த வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது. ஆனால் மரத்தில் இருப்பதும் எழுவதும் ஒன்றல்ல, அந்தப் போர்டு கடைசியாக எப்போது எழுந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது என்பதை நினைத்ததும் அந்த வலு குறைந்துவிடுகிறது.

நகல்களுக்கு ஒரு நன்மை உண்டு என்பதையும் அந்தத் தொடருக்குப் பிறகே கவனித்தேன். நகலில் ஒருவர் செய்யும் தவறு அவர் மேசையிலேயே நிற்கும். பொதுக் கோப்பில் செய்யும் தவறு, செய்தவர் கண்ணால் பார்த்திராத போர்டுகளுக்குப் போகும். எல்லாப் போர்டுகளையும் வரிசையாகக் கட்டமைத்து, ஒவ்வொரு கமிட்டிலும் அளவு எவ்வளவு கூடியது என்று காட்டும் கருவிகள் இருக்கின்றன. யூ-பூட்டின் பில்ட்மேன் அப்படிப்பட்டது. அவை கம்பைல் ஆகிறதா என்று சொல்லும், டிரேம் எழுகிறதா என்று சொல்லாது. மீளாய்வு செய்பவர்களில் பலர் இந்த இடைவெளியை மறந்துவிடுகிறார்கள் என்பது என் மனத்தாங்கல். நானும் மீளாய்வு செய்பவன்தான்.

அண்மையில் ஒரு புதிய பங்களிப்பாளர் பேட்ச் ஒன்று அனுப்பினார். அட்டவணையின் அந்த ஒரு வரியில் 2000 என்பது 500 ஆகிறது. தரநிலையின் பகுதி எண்ணைக் காட்டி, மற்ற பத்துப் போர்டுகளும் இதே மதிப்பில் ஓடுவதைச் சுட்டி, தேவையற்ற தாமதத்தை நீக்குவதாக எழுதியிருந்தார். அவருடைய விளக்கத்தில் ஒரு குறையும் காண முடியவில்லை, ஏனென்றால் அதன் ஒவ்வொரு வாக்கியமும் நான் வைத்த பெயரிலிருந்தும் நான் எழுதிய குறிப்பிலிருந்தும் நேராக வருகிறது. எந்தப் போர்டில் சோதித்தீர்கள் என்று கேட்டேன். அந்தப் போர்டு தம்மிடம் இல்லை என்றும், இத்தனை ஆண்டுகள் 2000 மைக்ரோவினாடியில் ஓடியது என்பது அது தேவை என்பதற்குச் சான்றாகாது என்றும் மரியாதையாகவே பதில் வந்தது. ஏழு போர்டுகளைப் பற்றி நான் சொன்னதும் இதையேதான்.

இரண்டும் ஒன்றல்ல என்று விளக்க முயன்றேன். காத்திருப்பைக் கூட்டுவது தவறாகப் போனால் நேரம் மட்டுமே வீணாகும், குறைத்தால் போர்டே எழாமல் போகலாம், ஆகவே சான்று காட்டும் பொறுப்பு குறைப்பவருக்கே என்று எழுதினேன். இந்த வேறுபாடு உண்மையானதுதான் என்று நம்புகிறேன். என் வசதிக்காகக் கண்டுபிடித்தேனோ என்ற ஐயமும் இல்லாமல் இல்லை. முதலில் சேர்த்தவரின் முகவரிக்கு எழுதிப் பார்த்தேன். மடல் திரும்பி வந்தது.

அந்தப் பேட்சை இன்னும் ஏற்கவில்லை, நிராகரிக்கவும் இல்லை. அதற்குப் பதிலாக நானே ஒரு சிறு பேட்ச் அனுப்பியிருக்கிறேன்: அட்டவணையின் அந்த வரிக்கு மேலே, இந்த மதிப்பு டி.டி.ஆர்.3 தரநிலையால் வந்ததல்ல, போர்டின் மின்வழங்கியோடு தொடர்புடையதாக இருக்கலாம், காரணம் உறுதியாகத் தெரியவில்லை, வன்பொருளில் சோதிக்காமல் குறைக்க வேண்டாம் என்ற குறிப்பு. மீளாய்வில் முதல் கேள்வி, இந்தத் தகவலுக்கு என்ன ஆதாரம் என்பது. பழைய மடலின் இணைப்பைக் கொடுத்தேன். அதில் "நினைக்கிறேன்" என்றுதானே இருக்கிறது என்று மீளாய்வாளர் திரும்பக் கேட்டிருக்கிறார்; அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.