கெண்டைக்காலில் போட்ட ஊசியும் அதற்குப் பிந்தைய மாதங்களும்

என் மகன் இரண்டரை வயதில் நடக்கத் தொடங்கியபோது அவன் குதிங்கால் தரையில் படவே இல்லை. குறைமாதப் பிறப்பினால் நேர்ந்த பெருமூளை வாதம் என்றும், தசையைத் தளரச் செய்யும் மூளையின் கட்டுப்பாடு குறைந்ததால் கால் இறுகுகிறது என்றும் மருத்துவர் விளக்கினார். முதலில் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் என்ற மருந்தைக் கொடுத்தோம். இறுக்கம் சற்றே குறைந்தாலும் பகலெல்லாம் தூங்கி வழிந்தான். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், அளவைப் படிப்படியாகக் குறைத்தே அதை விட்டோம்.

நான்கு வயதில் இரு கெண்டைக்கால்களிலும், தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டார்கள். இரண்டு வாரத்தில் பாதம் முழுதாகப் பதிந்ததைக் கண்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி ஊர் திரும்பினோம். அதன் பலன் மூன்று நான்கு மாதங்களே நிற்கும் என்பதையும், அதற்குள் தசையை நீட்டிப் பழக்க வேண்டும் என்பதையும் அந்த மருத்துவமனையில் ஒருவரும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் மறுபடியும் நுனிக்காலில் நடந்தான்.

அடுத்த ஊசிக்கு முன்பே, வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான எங்கள் மாவட்டத்து ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் இயன்முறை மருத்துவரிடம் சென்றோம். நான் அதுவரை எனக்குத் தெரிந்தபடி செய்துவந்த பயிற்சியைச் செய்துகாட்டச் சொன்னார். பார்த்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கெண்டைக்காலின் மேல்தசை முழங்காலைத் தாண்டித் தொடையெலும்பில் தொடங்குவதால், முழங்காலை மடக்கி வைத்துப் பாதத்தை நிமிர்த்தினால் அத்தசை நீளாது. ஓராண்டாக நான் மடக்கியே செய்திருந்தேன். முழங்காலை நீட்டி, குதிங்காலை உள்ளங்கையில் ஏந்தி, முன்கையால் பாதத்தை மெல்ல மேல்நோக்கி அழுத்திப் பிடிக்கக் கற்றுத் தந்தார். மாலையில் வெந்நீரில் குளிப்பாட்டிய பிறகு செய்தால் அழுகை குறைவு என்பது நானே கண்டது.

இரண்டாம் ஊசிக்குப் பின் வாரம் ஒருமுறை பிரித்து, பாதத்தைச் சற்றுக் கூடுதலாக நிமிர்த்தி, மூன்று முறை மாவுக்கட்டுப் போட்டார்கள். பிறகு பாதத்தையும் கணுக்காலையும் தாங்கிப் பிடிக்க, காலுக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் அணை வந்தது. அதைக் கழற்றி அரைமணி நேரம் ஆகியும் தோலில் சிவப்பு மறையாவிட்டால் திருத்தித் தரச் சொல்ல வேண்டும். பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு வலியில்லாமலே விலகக்கூடும் என்பதால், ஆண்டுக்கொருமுறை எக்ஸ்ரேயும் எடுக்கிறோம்.

இப்போது அவனுக்கு ஆறு வயது. எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை நீள்வதில்லையாதலால் பயிற்சி தொடர்கிறது. பழைய அணை சிறிதாகிவிட்டது. அடுத்த வாரம் மீண்டும் அளவெடுக்கப் போகிறோம்.